வளைவில் பஸ்ஸை எது திருப்புகிறது?

கொல்லிமலையில் ஒரு கல்லூரி. முதலாமாண்டு இயற்பியல் வகுப்பு. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன்மேல் விசை எந்தப் பக்கம் செயல்படுகிறது என்று கேட்டேன். "வெளிப்பக்கம்" என்றது வகுப்பு. கவிதா என்ற மாணவி மட்டும், "உள்பக்கங்க மேடம்" என்றாள். அதுதான் சரி.

நான் சொல்லவில்லை. அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்திருந்தேன். விடையை ஊட்டாதீர்கள், மாணவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்பது அங்கே கேட்ட கன்ஸ்ட்ரக்டிவிசம். குழுவாகப் பேசவிட்டால் சரியான விடை தானே மேலே வரும் என்றார்கள். பேசவிட்டேன்.

முருகேசன் எழுந்தான். "தெனமும் பஸ்லதான் வாரோமுங்க. வளைவுல வெளியதான சாயறோம்? உள்ளயா சாயறோம்?" வகுப்பு சிரித்தது. பெல் அடிப்பதற்குள் கவிதா தன் விடையை மாற்றிக்கொண்டாள்.

குழம்பிப்போய்த் துறைத்தலைவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், தியரியெல்லாம் எதுக்குங்க? போர்டுல போட்டு வுடுங்க. எழுதிக்குவாங்க."

மறுநாள் மையநோக்கு விசையின் சமன்பாட்டை வரி வரியாக வருவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் பஸ்ஸுக்குப் பதில் பைக் என்று மாற்றிக் கேட்டேன். "வெளிப்பக்கம்!"

பயிற்சிப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு அத்தியாயம் திரும்பத் திரும்பப் பழக்கு என்றது. அடுத்தது பழக்காதே, யோசிக்க விடு என்றது. இன்னொன்று, அவர்கள் ஏற்கெனவே எதை நம்புகிறார்கள் என்று முதலில் பார் என்றது. மூன்றுமே சரியாகப் பட்டன. அதுதான் தொல்லை. மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் சாய்வது அவர்கள் உடம்பு. உடம்பு சொன்னதை என் போர்டு எப்படி அழிக்கும்?

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப்பை மேஜையில் முக்கால் வட்டமாக ஒட்டினேன். உள்ளே ஒரு சைக்கிள் பால்ரஸ், சக்கர அச்சில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டு. ஊதினால் வெளியே வந்து எப்படி ஓடும் என்று முதலில் ஒவ்வொருவரையும் தனியாக வரையச் சொன்னேன். சிலர் வளைத்து வரைந்தார்கள், சிலர் வெளிப்பக்கமாக. ஊதினேன். பால்ரஸ் டியூப்பின் வாயிலிருந்து நேர்கோட்டில் ஓடியது.

முருகேசன் மறுபடி ஊதிப் பார்த்தான். "அப்ப இது நேராப் போகத்தான் பாக்குது. டியூப்புதான் உள்ள தள்ளித் திருப்புதுங்களா?" சற்று யோசித்து, "பஸ்லயும் நான் வெளிய போகலீங்களா? நான் நேராப் போறேன், பஸ்ஸுதான் திரும்புது!" என்றான். டியூப் செய்வதைப் பஸ்ஸுக்கு ரோட்டின் உராய்வு செய்கிறது என்றேன். அதன்பிறகுதான் சமன்பாட்டை எழுதினேன்.

இதே முறையை வெப்பவியலில் செய்தபோது பாதிக்கு மேல் எடுபடவில்லை. எந்தத் தியரி எங்கே பொருந்தும் என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். அன்று அந்தப் பால்ரஸ் வகுப்பு முடிந்ததும் கவிதாவிடம் கேட்டேன், "சரியாச் சொல்லிட்டு ஏன் கண்ணு மாத்துன?"

"எல்லாரும் ஒண்ணா சொன்னாங்க மேடம். நீங்களும் சும்மா நின்னீங்க. அதனால அவங்கதான் சரின்னு நெனச்சேனுங்க."

விடை சொல்லாமல் நிற்கலாம். ஆனால் நம் மௌனத்தை அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.