மன்னிப்பு முதலில், அதட்டல் பிறகு

போன வாரம் யாங்கோனின் தாமுவே பகுதிச் சந்தை முனைத் தேநீர்க் கடையில் நான் மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்து, அதன் மீன்குழம்பில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. யூரே அவர்களின் மகள் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அப்பா நேற்று தூக்கத்திலேயே போய்விட்டார். படுக்கப் போகும்வரை தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்." அழுகைக்கு நடுவே அவர் சிரித்தது கேட்டது. எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன. யாரையும் திட்டாமல் படுத்தார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யூரே குரோஷியாவின் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். கால்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரர். ஊர்க் கிளப்பிலும் பிறகு ஆஸ்திரியாவிலும் ஆடி, மூக்கு இரண்டு முறை உடைந்து, முழங்கால் கைவிரித்த பிறகு பயிற்சியாளர் ஆனார். வளைகுடாவில் சில காலம் இருந்துவிட்டு யாங்கோனில் எங்கள் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். எத்தனை கோல் போட்டீர்கள் என்று கேட்டால் கோபம் வரும். "முன்னால் ஆடுகிறவன் தவறினால் 'அடடா' என்பார்கள். பின்னால் ஆடுகிறவன் தவறினால் 'யாரடா அவன்?' என்பார்கள். என் பெயரை யாரும் கேட்டதில்லை. அதுதான் என் பெருமை" என்பார்.

நான் அந்தக் கிளப்பின் மேலாளர். அவருடைய ஆங்கிலத்தைப் பர்மியமாக்குவதும் என் பொறுப்பு. அவர் அரை நிமிடம் கர்ஜித்ததெல்லாம் என் வாயில் "தம்பி, கொஞ்சம் பாத்து ஆடுப்பா" என்று முடிந்துவிடும். முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். "மாரி, நான் இடி இடிக்கிறேன், நீ ஏன் தூறல் போடுகிறாய்?" என்றார். பின்வரிசை நால்வரும் ஒரே கோடாக ஏறி ஒரே கோடாக இறங்க வேண்டும் என்பது அவருடைய வேதம். ஒருவர் மட்டும் முன்னே ஓடினால், "உன்னை யார் தனியாகப் போகச் சொன்னது?" என்ற இடி மைதானத்தைத் தாண்டிச் சாலைவரை கேட்கும்.

யாங்கோனில் அவரையே அதட்டிய ஒரே ஆள் என் மனைவி செல்விதான். ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு வருவார். "யூரேண்ணே, புல்லுல உருண்ட கையோட உக்காராதீங்க, மொதல்ல கழுவிட்டு வாங்க!" என்பாள். தமிழ் தெரியாத மனிதர், சொன்னபடி எழுந்து போவார். திரும்பி வந்து, "செல்வியைப் பின்வரிசையில் போடு, பருவம் முழுக்கக் கோல் விழாது" என்று என்னிடம் சொல்வார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில்தான் எங்கள் அணியின் நோய் இருந்தது: பின்வரிசையில் அதட்ட ஆளில்லை. கோல்கீப்பர் கோ வின் அணியிலேயே மூத்தவர். அவருக்கு முன்னால் நடுவில் நின்ற தூரா எல்லோருக்கும் இளையவர். இளையவர் மூத்தவரைப் பார்த்துக் கத்துவது இந்த ஊரில் ஆகாது. ஓர் ஆட்டத்தில் பந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. அண்ணன் எடுக்கட்டும் என்று தூரா ஒதுங்கினார். தம்பி எடுப்பான் என்று கோ வின் நின்றார். பந்து யாருக்கும் மரியாதை காட்டாமல் வலைக்குள் போனது.

இப்படியே தோற்றுத் தோற்றுப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். அதிலும் தோற்றால் கீழ்ப்பிரிவு. கீழே இறங்கினால் கிளப்பை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் அந்த ஒரு ஆட்டத்தை நம்பியிருந்தது.

அந்த வாரம் தடிங்யுத் விளக்குத் திருநாள். இளையவர்கள் மூத்தவர்கள் முன் மண்டியிட்டு, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கும் நாள். 'கடோ' என்பார்கள். வீரர்கள் யூரேயின் முன் வரிசையாக விழுந்தார்கள். அவர் பதறிப்போய், "எழுந்திருங்கள்! யாரையும் நீக்கவில்லை!" என்று கத்தினார். நான் விளக்கினேன். சற்று நேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மன்னித்துவிட்டால் அதோடு முடிந்ததா?"

"முடிந்தது."

"பிழை செய்வதற்கு முன்னாலேயே கேட்கலாமா?"

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் கடைசி ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில் அது நடந்தது. தூரா முதலாக இளையவர்கள் எல்லோரும் கோ வின் முன் மண்டியிட்டு, இனி நடக்கப்போகும் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். கோ வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆசி வழங்கினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில், கோல் ஏதும் விழாத நிலையில், உயரமான பந்து ஒன்று எங்கள் கோல் பக்கம் வந்தது. கோ வின் பாய்ந்து வெளியே வந்தார். அப்போதுதான் தூராவின் குரலை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். "வராதே! உள்ள நில்லு, எருமை!"

கோ வின் நின்றார். தூரா தலையால் முட்டிப் பந்தை வெளியேற்றினார். ஆட்டம் சமன், கிளப் பிழைத்தது. "மொதல்லயே மன்னிச்சுத் தொலைச்சிட்டேன். இல்லன்னா இவனை இன்னைக்கு என்ன பண்ணியிருப்பேன்!" என்று கோ வின் தூராவைத் தோளில் தூக்கிக்கொண்டார். யூரே மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் ஊர் திரும்பியபோது மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். தூரா அங்கேயே தரையில் மண்டியிட்டார். "கடோ ஆயிற்று, மன்னித்தும் ஆயிற்று. இப்போது என்னை ஒரு தடவை அதட்டு, கேட்டுவிட்டுப் போகிறேன்" என்றார் யூரே. தூரா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் கும்பிட்டார். "சரி, பிறகு" என்று முதுகில் தட்டிவிட்டு யூரே உள்ளே போனார்.

நேற்று மாலை பழைய பயிற்சி மைதானத்தில் கூடினோம். மேசைமேல் அவர் படம், அருகில் அவருக்குப் பிடித்த பால் அதிகம் விட்ட தேநீர். அவர் இருந்த இடத்தில் இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. எல்லோரும் மண்டியிட்டுக் கடோ செய்து எழுந்தோம். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்ட தூரா மட்டும் படத்தின் முன் நின்றார். பயிற்சியாளரை இங்கே 'சயா' என்றுதான் அழைப்போம். அந்தச் சொல்லோடு தூராவின் குரல் மைதானத்தைத் தாண்டியது.

"சயா! உங்களை யாரு தனியாப் போகச் சொன்னது?"

கோ வின்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம், எல்லோரும் அழுதோம். நான் அதை ஆங்கிலத்தில் யூரேயின் மகளுக்கு அனுப்பினேன். இந்த முறை ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை.

போய் வாருங்கள், யூரே. உங்கள் பின்வரிசை கத்தக் கற்றுக்கொண்டுவிட்டது.