பல் பட்ட வாட்ச்

என் பீரோவில் ஒரு பழைய சாவி வாட்ச் கிடக்கிறது. அதன் ஓரத்தில் முலாம் தேய்ந்து இரண்டு சின்னத் தழும்புகள். "எலி கடிச்சுதா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். எலியாவது பூனையாவது! கடித்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணத்தின்போது என் அப்பா அவர் கையில் கட்டிவிட்ட வாட்ச் அது.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனம். அவருக்குத் திருவொற்றியூரில் பாய்லர் பட்டறை வேலை. நாள் முழுக்க இரும்புத் தகட்டில் சம்மட்டி விழுந்து விழுந்து, கல்யாணமான சில வருஷத்திலேயே காது மந்தமாகிவிட்டது. அந்த மனிதருக்குப் பிடித்ததோ, நின்றுபோன வாட்சுகளை ஓடவைப்பது. ஞாயிறு பூசை முடிந்ததும் சன்னலோரம் பாய் விரித்து உட்கார்ந்தால், மூர் மார்க்கெட்டில் பொறுக்கி வந்த வாட்சுகளைப் பிரித்து, சக்கரங்களை வெள்ளை பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டுவைப்பார். கடற்காற்றும் பெட்ரோல் வாசமும் கலந்து வந்து எனக்குக் கண் சொக்கும். அந்த அரைத் தூக்கத்தில் என் காதோரம் ஒரு வாட்ச் வந்து நிற்கும். "ஓடுதா பாரு மே." முள் நகர்வதை அவரே பார்க்கலாம், சத்தம் சீராக இருக்கிறதா என்று காதுதான் சொல்ல வேண்டுமாம். "ஓடுதுய்யா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன்.

ஒருநாள் காசிமேட்டில் என் கொழுந்தனுக்குக் கட்டுமரம் தள்ளப் போனவர், கல்யாண வாட்சோடு அலையில் விழுந்து எழுந்து வந்தார். என் மாமியார் அதை வாங்கி, மொட்டைமாடியில் காய்ந்த நெத்திலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "காஞ்சா சரியாப் பூடும்டா, இன்னாத்துக்குப் பேஜாரு?" எங்கள் பக்கத்தில் கடலில் நனைந்தது எதுவானாலும் வெயில்தான் வைத்தியம். காய்ந்தும் ஓடாததால் எடுத்துப்போனபோது, வண்ணாரப்பேட்டை வாட்ச் கடை பாய் மூடியைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஒடனே நல்ல தண்ணில உப்பக் கழுவிகினு வந்திருக்கணும் நைனா. கருவாடு போட்டுட்டீங்களே!" உள்ளே உப்பு பூத்துத் துரு ஏறியிருந்தது.

இவர் விடவில்லை. ஞாயிறு ஞாயிறாகத் துருவைச் சுரண்டினார். செத்த வாட்சுகளிலிருந்து சக்கரம் எடுத்து மாற்றினார். "வுட்டுத் தொலையேன்யா" என்று சலித்துக்கொண்டபோதுதான் மனசைத் திறந்தார். "எல்லாத்தையும் ஒன் காதாலயே கேட்டுகினு கீறேன். ஒங்கப்பா குட்த்த இத்தயாவது நானே கேக்கணும் மே." கேட்காது என்று எனக்குத் தெரியும். எண்ணெய்ச் சீசாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் முள் நகர்ந்தது. வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். மறுபடியும் வலது காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, வுடு" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாரை மாட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் வாட்சைப் பல்லில் கவ்விக்கொண்டார். கவ்வியவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். "கேக்குது மே... பல்லு வழியா மண்டைக்குள்ள கேக்குது!"

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! சட்டென்று என் மோவாயைப் பிடித்துத் தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டு, "நீயும் எதுனா பேசு" என்றார். அதுவரை வாய்விட்டுச் சொல்லாத அவர் பெயரைச் சொன்னேன். புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தார்.

கடைசிவரை தினமும் அதைக் கடித்துக் கேட்டவர் போய் வெகுகாலமாகிறது. இப்போது என் காதும் மந்தம்; மருமகள் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று அவளிடம் வாட்சைக் கொடுத்துச் சாவி முடுக்கச் சொன்னேன். கடித்துப் பார்த்தேன். பல்செட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நெற்றியில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல, மெல்ல, அந்தச் சத்தம் வந்தது.

"ஓடுதுய்யா!" என்றேன், அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக.