பொன்னாடை அவருக்கு, நாற்காலி எனக்கு

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு முகப்பேரில் பஸ் ஏறினேன். சாதாரண பஸ், பெண்களுக்குக் காசில்லை. பூந்தமல்லியில் இறங்கி நூற்று எண்பது ரூபாய்க்கு ஒரு பொன்னாடை வாங்கினேன். திருமழிசைக்கு அப்பால் ஒரு சின்ன ஊராட்சியின் தலைவி மல்லிகாவுக்கு. தொழிற்பேட்டையில் பாக்கிங் வேலை பார்த்தவர். தேர்தலில் ஜெயித்து ஒரு வருஷம் ஆகியும் அலுவலகத்தில் தன் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காருவது புருஷன், கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீட்டுக்கு வரும்.

"இன்னிக்கு உக்காந்துரணும் மேடம். அந்த அமெரிக்கா அம்மா கதைய வந்து சொல்லுங்க, எனுக்கு தெம்பா இருக்கும்" என்று போனில் கூப்பிட்டிருந்தார், ஒரு மகளிர் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டவர்.

மூன்றே முக்காலுக்குத் திருமழிசை. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"பிரசிடெண்டு ஆபீஸா? அண்ணாத்தே அங்கதான் கீறாரு" என்றார் டிரைவர்.

"பிரசிடெண்ட் பொம்பளையாச்சேப்பா?"

"பேரு அக்காது, வேலை அண்ணாத்தேது. எல்லா ஊர்லயும் அப்டிதானே மேடம்?"

எனக்கு வந்ததே கோபம்! மூன்று கிலோமீட்டரும் அந்த மனுஷனைப் பிடி பிடியென்று பிடித்தேன். பாவம், ஆட்டோவை இன்னும் வேகமாக ஓட்டினார்.

நாலு மணி. அலுவலகத்தில் முப்பது பெண்கள் பாயில் இருந்தார்கள். தலைவர் நாற்காலியிலிருந்து வெள்ளைச் சட்டையோடு மல்லிகாவின் புருஷன் எழுந்து, "வாங்க மேடம்" என்று கும்பிட்டார். நானும் பழக்க தோஷத்தில் பையைப் பிரித்து, "ஊராட்சித் தலைவருக்கு" என்று சொல்லி அவர் தோளில் பொன்னாடையைப் போட்டேன். கைதட்டினார்கள். அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். காலி டீத் தட்டோடு கதவோரம் நின்ற மல்லிகாவும் தட்டை இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அமெரிக்கா அம்மா கதையைப் பேச ஆரம்பித்தேன். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் போன முதல் கறுப்பினப் பெண் அவர். நகரத்து ஜனங்கள் அனுப்பியவரை வேளாண்மைக் குழுவில் தள்ளினார்கள். என் ஜனங்களுக்கு இதனால் என்ன பிரயோஜனம், மாற்றுங்கள் என்று சபையிலேயே சண்டை பிடித்தார். மாற்றினார்கள். "கொடுத்த இடத்துல அவங்க உக்காரல" என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்!

"தப்பு பண்ணிட்டேன்மா. அந்தப் பொன்னாடை மல்லிகாவுக்குக் கொண்டுவந்தது" என்றேன். போட்ட பொன்னாடையைத் திருப்பிக் கேட்டவள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புருஷன் முகம் கறுத்தது.

மல்லிகா தட்டைக் கீழே வைத்தார்.

"துண்டு அவருக்கே இருக்கட்டும் மேடம். எனுக்கு சேரு போதும்."

யாரும் கைதட்டவில்லை. பாயிலிருந்த பெண்கள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். மல்லிகா உட்கார்ந்தார். "நோட்ட எடுத்துகினு வாங்க" என்றார். புருஷன்தான் எடுத்து வந்தார்.

ஆறு மணிக்குத் திரும்பும் பஸ். டிரைவரைத் திட்டியது நினைவுக்கு வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டு வருஷமாக நான்தான் செயலாளர். கூட்டத்துக்குப் போவது என் வீட்டுக்காரர். அவருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு மீட்டிங்குக்கு நான் போறேன்."

"உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?"

"இன்னிக்கு இன்னொருத்தி நாற்காலிக்கு அலைஞ்சுட்டுத்தாங்க வரேன். நாளைக்கு என் நாற்காலிக்கு" என்றேன்.