தோற்கக் கூடாத ஆட்டம்

பிள்ளைகளா, உங்கள் கைப்பேசியில் கட்டை விழும் விளையாட்டுச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது.

சின்ன வயதில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து வீட்டில் இருந்தோம். மாமா வாங்கித் தந்த கையடக்க வீடியோ கேம் பெட்டியில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். சாத்திய கதவுக்கு வெளியே யானை வந்து நின்றது. பெட்டியை நிறுத்தும் பொத்தான் உடைந்திருந்தது. பேட்டரி மூடியையும் பசை போட்டு ஒட்டியிருந்தோம். ஆடும்போது மெல்லிய சத்தம்தான் வரும்; தோற்றால் பாட்டு உரக்க ஒலிக்கும், யானைக்குக் கேட்டுவிடும்.

அம்மா பெட்டியோடு என்னையும் கம்பளிக்குள் அமுக்கி, தானும் உள்ளே புகுந்தாள்.

"தோத்துறாத அப்பு. வெளயாடிக்கிட்டே இரு."

"வெரசா விழுகுதும்மா."

"என்னையப் பாக்காத, கட்டையப் பாரு."

யானை கதவைத் தடவியது. பிறகு ஏலச்செடிகளை முறித்தபடி சரிவில் இறங்கியது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தோற்றேன். பாட்டு ஒலித்ததும் அம்மா வாய்விட்டு அழுதாள். அவளும் பயந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.