செத்தது ஐந்தாம் பாகத்தில்

மூடியைக் கழற்றியதும் மோட்டாருக்குள் மூக்கை நுழைத்து மோப்பம் பிடிப்பான். பிறகு, கொண்டுவந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "செத்துப் போச்சுங்க, தூக்கிப் போட்ருங்க" என்பான். "இன்னொரு தடவை பாருங்கண்ணே" என்று கெஞ்சினால், "பொணத்துக்கு ஊசி போடச் சொல்றீங்களா?" அவ்வளவுதான்.

எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது அவன் வேலை. சுற்றிய கம்பிக்குச் சொல்லும் பேரே அவனுக்கும் ஒட்டிக்கொண்டது; பட்டறையில் எல்லோருக்கும் அவன் 'காயில்'. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒற்றை ஸ்பேனரோடு இந்தப் பட்டறையை எழுப்பியவன் நான்; ஆள் எடுப்பதில் என் கண் தப்பியதே கிடையாது. இவனுக்குப் பொய் வராது என்று பார்த்த அன்றே கண்டுகொண்டேன். அதனால் சில வாடிக்கைகள் போயின. போகட்டும்.

அவன் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் பயத்தில் காலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். படுக்கையில் பொழுதுபோகட்டும் என்று அவள் தங்கை ஆறு பாகக் கதை ஒன்றை இரவல் கொடுத்தாள். மந்திரவாதிகள், பேசும் மலைகள், சிறகொடிந்த கிழட்டு டிராகன். அந்த டிராகனோடு இவள் ஒட்டிக்கொண்டாள். "அது என்னிக்குப் பறக்குதோ, அன்னிக்கு நான் நடக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

இரவல் புத்தகம் அழுக்காகக் கூடாதென்று இவன் ஆறுக்கும் மோட்டாருக்குள் வைக்கும் தடித்த காகிதத்தில் அட்டை போட்டான். வேலை கச்சிதம், பாக எண்ணும் சேர்ந்து மறைந்தது. அவள் மூன்றாவதில் இருக்கும்போது, அப்படி என்னதான் கதை என்று கைக்கு வந்ததை உருவிக்கொண்டு வந்து சாப்பாட்டு வேளையில் படித்தான். யார் யாரோ யார் யாரையோ வெட்டினார்கள். கதை என்றாலே அப்படித்தான் போல என்று விட்டுவிட்டான். கடைசிப் பக்கத்தில் 'ஐந்தாம் பாகம் முற்றும்' என்று இருந்தது.

என் முன்னால் வந்து நின்றான். "மொதலாளி, செத்துப் போச்சு."

"எந்த மோட்டார்?"

"டிராகன். பொதைச்சே ஆச்சு. இது தெரிஞ்சா அவ ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டா."

"சொல்லாதே."

"கேட்டா?"

"செத்தது அஞ்சுல. நடுவுல நாலாவது இருக்குல்ல? அதுல பறந்துச்சான்னு பாருடா!"

இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம். மூளை வேண்டும்.

மறுநாள் கம்பியைப் பாதிச் சுற்றில் விட்டுவிட்டு நாலாவதைப் படித்தான். அப்படி வேலையை விட்டு அவனை நான் பார்த்ததில்லை. மத்தியானம் அவன் மறுபடி வேலையில் உட்கார்ந்த பிறகு போன் வந்தது. கையெல்லாம் வார்னிஷ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க, நாலாவதைக் காணோம். நீங்களா தூக்கிட்டுப் போனீங்க?"

"ஆமா. பறந்துடுச்சு."

"புஸ்தகமா?"

"உன் ஆளுதான். மலையைத் தாண்டிப் போகுது. நீ காலைக் கீழ வை."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தரையில் ஒரு காலடி, இன்னொன்று.

"நிக்கறேங்க... சரி, அப்புறம் என்ன ஆச்சு அதுக்கு?"

என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"இன்னும் படிக்கல" என்றான்.

போன் அணைந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கடியில் கிடந்த ஐந்தாம் பாகத்தை எடுத்தான். காலையில் செத்ததென்று தள்ளிவைத்த மோட்டாரின் கூட்டுக்குள் அதை நுழைத்து, மூடியை வைத்து, நாலு போல்ட்டையும் இறுக்கினான்.