அம்மாவைச் சிரிக்க வைத்த பேனர்

கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு என் அண்ணனைப் பார்க்கலாம். கைகூப்பி, பல் தெரியச் சிரித்தபடி, ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று பேனரில் நிற்பான். வாங்கி விற்பது நிலம். நிலத்தின் படமோ ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். “மூஞ்சியப் பாத்துத்தான் நம்புறாங்க” என்பான். பக்கத்தில் அம்மாவும் நின்றால் நம்பிக்கை இன்னும் கூடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் கவுஞ்சிக்கு வந்தான். பூண்டு வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையே தூக்கவில்லை. “ஏலே, எனக்குச் சோலி கெடக்கு. எம் மூஞ்சியக் காட்டி ஊரான் நெலத்த வாங்காத” என்றாள்.

எங்கள் வயல் சரிவின் உச்சியில் இருக்கிறது. ஊற்றும் அதில்தான். அதை விற்றுவிட்டால் கீழ்வயல்களுக்குத் தண்ணீர் இறங்காது. அம்மா விற்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் கீழே இருந்தவர்களும் அண்ணனுக்கு மசியாமல் இருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அஞ்சலி பேனருக்குப் படம் இல்லை. கல்யாணப் பந்தி ஒன்றில் கேமராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படத்தைத் தேடிப் பிடித்து வெட்டி ஒட்டினார்கள். அதிலும் அம்மாவைவிட அண்ணன்தான் பெரிதாக இருந்தான். சாவு வீட்டு வாசலிலும் அதே பல், அதே கைபேசி எண்.

காரியம் முடிந்த கையோடு புது பேனர் வந்தது. பட்டுச்சேலையில் அண்ணன் தோளில் கை வைத்து நிற்கிறாள் அம்மா. சிரிக்கிறாள். முறைப்பை எடுத்துவிட்டுச் சிரிப்பை வைக்கக் கைபேசியிலேயே வசதி இருக்கிறதாம். கீழே ‘அம்மாவின் ஆசியுடன்’. பெற்ற மகள் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

சண்டைக்குப் போனேன். “அம்மாவ ஊரே பாக்குதுல்ல, ஒனக்கென்ன வலிக்குது?” என்றான். எங்கள் வயலை விற்க என் கையெழுத்தும் வேண்டும். செத்தாலும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதைக் கீழ்வயல் சித்தப்பாவிடம் சொல்லப் போனபோது அவர் வயலில் மனைக்கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

“வித்துட்டேன் தாயி. மேல நீங்க வித்தபெறகு தண்ணியில்லாம நான் என்னத்த வெதைக்க?”

“நாங்க விக்கலையே சித்தப்பா. அம்மா கடைசிவரைக்கும் மாட்டேன்னுதான சொல்லிச்சு.”

அவர் ரோட்டோர பேனரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்பறம் எதுக்குத் தாயி மதினி அப்படிச் சிரிக்குது?”