பீச் மரத்தடியில் மூன்று மூட்டை உப்பு

அந்த மரத்தைக் கொன்றவன் நான்தான். பாலன் அண்ணை அல்லர்.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது போலும்...

ஜெர்மன் பேசும் இந்த நாட்டில், ஆரா நகரிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் போனால் ஒரு பழைய நகரம் வரும். அதன் மதிலை ஒட்டிய பூங்காவில் நான் தோட்ட வேலை செய்கிறேன். அந்தக் காலத்துச் செல்வந்தர் ஒருவர் ஆங்கிலேயப் பாணியில் அமைத்த பூங்கா. நேரான பாதை ஒன்றுகூடக் கிடையாது. எந்தப் பாதையில் வளைந்து போனாலும் நடுவில் நின்ற பீச் மரத்தடிக்குத்தான் வந்து சேர்வீர்கள். பழம் தரும் பீச் அல்ல, செம்பு நிற இலைகள் கொண்ட பெருமரம். பூங்காவின் வயதுதான் அதற்கும்.

அதன் உச்சி மெலிந்துகொண்டே வந்தது. நிபுணர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிப் போனார். மரம் சாகக் கிடக்கிறது, இவர் பொறுத்துப் பார்ப்பாராம்! எனக்குப் பொறுக்கவில்லை.

ஊரில் எங்கள் வீட்டு வளவில் தென்னை சோர்ந்தால் அப்பா என்ன செய்வார் தெரியுமா? அடியைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, உப்புப் போட்டு மூடுவார். மரம் தேறிவிடும். அதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவன் நான்.

பனிக்காலத்தில் பனி உறைந்து வழுக்காதிருக்கப் பாதைகளுக்குத் தூவி மிஞ்சிய உப்பு மூன்று மூட்டை கொட்டகையில் கிடந்தது. சித்திரையில் ஒரு காலை, மற்றவர்கள் வருமுன், மரத்தைச் சுற்றிப் புல்லைப் பெயர்த்து மூன்றையும் கொட்டினேன். புல்லைத் திரும்ப வைத்து மிதித்தும் விட்டேன். அன்று முழுவதும் எனக்கு ஒரே பெருமை.

ஆடியில் இலைகளின் ஓரம் கருகியது. தென்னை உப்பைத் தாங்கும், பீச் தாங்காது. தோட்டக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? என் மடமையை என்னவென்று சொல்வேன்!

மண்ணைப் பரிசோதித்து, உப்பு என்றார்கள். மேற்பார்வையாளர் எங்களை மரத்தடியில் கூட்டி விசாரித்தார். நான் வாயைத் திறக்குமுன்... திறந்திருப்பேனா? தெரியாது. பாலன் அண்ணை முன்னால் வந்துவிட்டார்.

எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர். பாதைகளுக்கு உப்புத் தூவுவதும் அவர்தான். ஒரு முறை அந்த மரத்தடிப் பாதையில் ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதைக் கண்டதிலிருந்து, உப்பு விஷயத்தில் அவருக்குக் கை தாராளம். அவருடைய ஜெர்மன் பாதியில் நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவருக்கு வடிவா விளங்கப்படுத்து. ஆக்கள் விழுந்திடுவினம் எண்ட பயத்திலதான் கூடப் போட்டனான். மரத்துக்கு இப்பிடி ஆகுமெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

நான் விளங்கப்படுத்தினேன். ஆம், ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்! அவருடைய குரல் தழுதழுத்தது, என்னுடையது தழுதழுக்கவில்லை.

அடுத்த மாதம் எனக்குக் குடியுரிமை நேர்காணல் இருந்தது. வேலையில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். அது காரணம்தான். நியாயம் ஆகுமா?

அவரைப் பூங்காவிலிருந்து எடுத்து, தெருக் குப்பைத்தொட்டிகளுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். மரத்தை வெட்டிய அன்று விடுப்பு எடுத்து வந்து, கடைசிக் கிளை இறங்கும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றார். எனக்கு இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தது. முதலில் கைகுலுக்கி வாழ்த்தியவரும் அவர்தான்.

இனிச் சொல்லி எதற்கு அவரை நோகடிக்க வேண்டும் என்று என்னையே தேற்றிக்கொள்வேன். பொய்! சொன்னால் அவருடைய பாரம் இறங்கும். அது தெரிந்தும் வாய் வரவில்லை...

அதே இடத்தில் இப்போது ஓர் இளம் பீச் நிற்கிறது. ஞாயிறுகளில் அண்ணை தேநீர்ப் போத்தலோடு வந்து அதைப் பார்ப்பார். போன ஞாயிறும் வந்தார்.

"வேர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை. துளிர் விட்டிருக்கு."

கன்றின் தண்டை விரல்களால் தொட்டுப் பார்த்தார்.

"பனிக்கு உப்புப் போடேக்கை இந்தப் பக்கம் கவனமடா, தம்பி. என்னை மாதிரிச் செய்துபோடாதை."

"ஓம் அண்ணை" என்றேன்.